அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு நாய்ப் புத்தகம்

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு
1909 ஜனவரி 14

அன்பிற்குரிய மனைவி சம்சுன்னிசாவுக்கு, ஜமால் முகம்மது ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு உடல் ராஹத்து. மழைச் சளி ஒன்று பிடித்திருந்தது, அதுவும் போய்விட்டது. உன் சுகத்துக்கும், நாகூரில் உன் உடன்பிறந்த காக்கா அப்துல் அலீம் வீட்டார் சுகத்துக்கும் விவரமாக எழுதவும்.

விவரமாக என்று நான் எழுதியிருப்பதை இரண்டு தடவை படி. போன கடிதத்தில் நீ எழுதியது மொத்தம் ஆறு வரி. அதில் இரண்டு வரி கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது.

விஷயம் இதுதான். வீடு பிடித்துவிட்டேன்! நம் புத்தகக் கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறை, ஒரு அடுப்படி, சின்னதாய் ஒரு முற்றம். சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜன்னலுக்குத் திரை நானே தைத்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் நீளம், நீ வந்து சரிசெய்யலாம். உம்மா இருந்தவரை 'மாமியை யார் பார்ப்பார்கள்' என்று சொன்னாய், நியாயம். உம்மா மவுத்தாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தப் பெரிய வீட்டில் நீ ஒருத்தி, இங்கே நான் ஒருத்தன். ஏழு வருஷம் போதாதா?

வருகிற மாதக் கப்பலில் ஒலி முகம்மது தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறார். நல்ல துணை. சரி என்று ஒரு வார்த்தை எழுது.

வஸ்ஸலாம்.
ஜமால் முகம்மது


நாகூர்
1909 பிப்ரவரி 9

மச்சானுக்கு சம்சுன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. இவ்விடம் எல்லாரும் சுகம். உங்கள் சளிக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடிக்கவும். நீங்கள் அனுப்பிய சேலை வந்து சேர்ந்தது, நிறம் நன்றாக இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது.

உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் ஒரு புத்தகம் கேட்கிறார். நாயை எப்படி வளர்ப்பது, என்ன தின்னக் கொடுப்பது, சீக்கு வந்தால் என்ன செய்வது என்று தமிழில் விவரமாகப் போட்ட புத்தகம். புத்தகக் கடைக்காரர் பெண்டாட்டி என்று என்னிடம் நம்பிக் கேட்டுவிட்டார். இல்லை என்று சொன்னால் உங்களுக்குத்தான் மரியாதைக் குறைவு. நாய்க் கதைப் புத்தகம் இருந்தாலும் அனுப்பலாம். அவருக்கு நாய் என்றால் உயிர்.

ஒலி முகம்மது காக்கா குடும்பத்துக்கு என் ஸலாம் சொல்லவும். அவர்கள் நல்லபடியாக வந்து சேரட்டும்.

சம்சுன்னிசா


சிங்கப்பூர்
1909 மார்ச் 3

அன்புள்ள சம்சுன்னிசாவுக்கு ஜமால் முகம்மதின் ஸலாம். நான் சுகம். நீ சுகமாய் இருப்பதாகத் தெரிகிறது. வருவதாக மட்டும் தெரியவில்லை. ஒலி முகம்மது குடும்பம் வந்து இறங்கியது. நான் தஞ்சோங் பகார் துறையில், ஒருவேளை சொல்லாமல் வந்திருப்பாயோ என்று, கடைசி ஆள் இறங்குகிறவரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இருக்கட்டும். உன் அடுத்த வீட்டுக்காரர் என்னை என்ன பாடு படுத்திவிட்டார் தெரியுமா! கடை அலமாரி முழுக்கக் குடைந்தேன். மாட்டுக்கு வாகடம் இருக்கிறது. குதிரைக்குச் சாஸ்திரம் இருக்கிறது. பல்லிக்குக்கூடப் புத்தகம் இருக்கிறது, தோளில் விழுந்தால் என்ன, தொடையில் விழுந்தால் என்ன என்று. நாய்க்கு மட்டும் ஒரு காகிதம் கிடையாது. நம் பாஷையில் நாய் வருகிற இடமெல்லாம் யாரோ யாரையோ திட்டுகிற இடமாக இருக்கிறது.

கடைசியில் மிருக ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வடிவேலுவிடம் போனேன். அவரிடம் துரைமார் எழுதிய நாய்ப் புத்தகங்கள் மூன்று இருக்கின்றன. அவர் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்ல, நான் எழுதினேன். எழுதினேன் என்றால் எப்படி? முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டு! அவர் வீட்டில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு பெட்டை நாய் இருக்கிறது. எனக்கு நாய் என்றால் சின்ன வயதிலிருந்து தொடை நடுங்கும், உனக்குத் தெரியும். "அது ஒண்ணும் செய்யாது லா, எறங்குங்க பாய்" என்றார். இறங்கினேன். பாதத்தை நக்கிவிட்டது. நாய் நக்கினால் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. பள்ளிவாசல் தோட்டத்தில் மண் கேட்டு வாங்கி, இப்போது கடையிலேயே ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

எழுதிய நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். பிராந்தி ஒரு கரண்டி என்று துரை எழுதிய இடத்தில் இஞ்சிச் சாறு என்று மாற்றியிருக்கிறேன்.

சித்திரையில் ஒரு கப்பல் இருக்கிறது.

ஜமால் முகம்மது


நாகூர்
1909 ஏப்ரல் 2

மச்சானுக்கு ஸலாம். நோட்டு வந்தது. நானும் அடுத்த வீட்டுக்காரரும் சுகம். காக்காவுக்கு மட்டும் முழங்கால் வலி.

உங்கள் துரை எந்த ஊர்க்காரர்? நாய்க்குக் கம்பளிச் சட்டை போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாரே! அடுத்த வீட்டுக்காரர் அதை நம்பி, ஒரு பழைய கம்பளிச் சட்டையை வெட்டி, ராத்திரியும் பகலும் உட்கார்ந்து தைத்துப் போட்டுவிட்டார். இங்கே கருவாடு காய்கிற வெயில். பாவம், அது நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடிச் சேற்றில் படுத்துவிட்டது. கழற்றி எறிந்துவிட்டோம். எறிந்துவிட்டார்.

அவர் இன்னும் கேட்கிறார்: காதுக்குள் புண் வந்தால் என்ன மருந்து? சாயங்காலம் பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு சொல்லும்போது கூடவே ஊளையிடுகிறதே, தெருவில் திட்டுகிறார்கள், அதை எப்படி நிறுத்துவது? கப்பலில் போனால் நாய்க்கு வாந்தி வருமா?

கலங்கரை விளக்கத்துக் காவல்காரரின் நாய் என்று கடைசியில் ஒரு கதை சேர்த்திருந்தீர்களே, அதை நாலு தடவை படித்தாயிற்று. படகு திரும்பி வராத அன்றைக்கு அந்த நாய் விளக்கடியில் உட்கார்ந்திருந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அது போல இன்னும் இருந்தால் அனுப்பவும்.

சித்திரையில் வர முடியாது. எனக்கும் முழங்கால் வலி.

சம்சுன்னிசா


சிங்கப்பூர்
1909 ஏப்ரல் 27

அன்புள்ள சம்சுன்னிசாவுக்கு ஸலாம். உன் முழங்காலுக்குத் தைலம் இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன். ஒன்று உன் காக்காவுக்கு. அண்ணன் தங்கைக்கு ஒரே மாதத்தில் ஒரே வலி வந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே நடப்பதைக் கேள். அந்த நோட்டை வடிவேலு நாலு பேரிடம் சொல்ல, நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்ல, "தமிழ்ல நாய்ப் பொஸ்தகம் இருக்காமே பாய்?" என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து அச்சாபீஸில் கொடுத்து நூறு பிரதி போட்டேன். நாய்ப் பிரியர் என்று இந்த ஊரில் இத்தனை பேரா! துரை வீட்டுத் தோட்டக்காரர், மாட்டுக் கொட்டகைக்காரர், தஞ்சோங் பகார் துறைமுகத்துக் கங்காணி. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள். கலங்கரை விளக்கத்து நாய்க்கு அந்தக் கங்காணி தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆள் ஆறடி. வடிவேலு படித்துச் சொன்ன வேட்டை நாய்ப் புத்தகம் மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை, அதில் நாயைவிடத் துரையின் துப்பாக்கிதான் அதிகம் வருகிறது.

வருகிறவர்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறேன். சந்தேகம் கேட்டால் மேலேயிருந்தே பதில் சொல்கிறேன். என் கடைப் பங்காளி அப்துல் கஃபார் நேற்றுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஜமாலே, இது கிதாபு விக்கிற கடையா, நாய்க் கொட்டகையா? ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." அவர் போய்விட்டால் அரபுக் கிதாபு வாங்க வருகிற ஆட்களும் அவரோடு போய்விடுவார்கள். கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லாம் உன் அடுத்த வீட்டுக்காரருக்காக.

காதுப் புண்ணுக்கு மருந்து பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஊளைக்கு வடிவேலு வழி சொல்லவில்லை, அவருடையதும் ஊளையிடுகிறதாம். கப்பலில் வாந்தி வருமாம். உன் அடுத்த வீட்டுக்காரர் எங்கே போகப் போகிறார்?

இன்னொன்று. ராத்திரி படுத்தபின் யோசித்தேன். நம் அடுத்த வீடு நான் கப்பலேறும்போதே கூரை விழுந்து கிடந்ததே. யார் குடி வந்திருக்கிறார்? என்ன வயது? என்ன தொழில்? பெண்டாட்டி இருக்கிறாளா? சும்மாதான் கேட்கிறேன்.

ஜமால் முகம்மது


சிங்கப்பூர்
1909 ஜூன் 10

சம்சுன்னிசாவுக்கு ஸலாம். சுகம். சுகத்துக்கு எழுதவும்.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உறையின் மூலையில் கித்மீர் என்று எழுத மறந்துவிட்டேனோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறக்கவில்லை. குகைத் தோழர்களின் நாய்ப் பெயரை எழுதினால் கடிதம் தொலையாது என்பது வாப்பா காலத்து வழக்கம், எனக்குக் கை தானாக எழுதிவிடும். ஆகையால் கடிதம் வந்துதான் இருக்கிறது.

வயது, தொழில், பெண்டாட்டி. மூன்றே கேள்விதான் கேட்டேன்.

ஜமால் முகம்மது


சிங்கப்பூர்
1909 ஜூன் 12

மைத்துனர் அப்துல் அலீம் அவர்களுக்கு ஜமால் முகம்மது ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. முழங்கால் வலி எப்படி? தைலம் கிடைத்ததா?

தாங்கள் மூத்தவர். மனம் விட்டுக் கேட்கிறேன். எங்கள் அடுத்த வீட்டில் ஒரு நாய்ப் பிரியர் குடியிருக்கிறாராம். அவருக்காகத் தங்கள் தங்கை எனக்கு எழுதாத கடிதமில்லை. அவர் நாய்க்குச் சட்டை தைத்தால் இவள் உருகுகிறாள். அவர் படிக்கிற கதையை இவளும் படித்து அழுகிறாள். இங்கே வரச் சொன்னால் முழங்கால் வலி. அவர் யார், எப்படிப்பட்டவர் என்று நேரில் பார்த்து எழுதவும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜமால் முகம்மது


நாகூர்
1909 ஜூலை 5

மாப்பிள்ளை ஜமால் முகம்மது அவர்களுக்கு அப்துல் அலீம் ஸலாம். தைலம் கிடைத்தது. வலி அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஆறு ஆடுகள் குடியிருக்கின்றன. அவற்றில் எதற்கும் வாசிக்கத் தெரியாது.

நாய் இருப்பது உம் வீட்டில். கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக இருக்கிறது. வாசலில் படுக்கிறது, பின்பக்கம் சாப்பிடுகிறது. உமது நோட்டை அதன் முன்னால் உட்கார்ந்து என் தங்கை உரக்கப் படிக்கிறாள், அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்கிறது. உம்முடைய பழைய கம்பளிச் சட்டையைத்தான் வெட்டித் தைத்தாள். நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கப்பலேறு என்றால், அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறாள். இதை உமக்கு எழுதக் கூடாது என்று என் கையில் சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். நீர் கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

கவலை வேண்டாம். நாயைக் கோணிச் சாக்கில் கட்டி, மாட்டு வண்டியில் வேதாரணியம் பக்கம் கொண்டுபோய் விட ஆள் பேசிவிட்டேன். அப்புறம் அவளுக்கு இங்கே வேலை இல்லை, ஆவணிக் கப்பலில் ஏறிவிடுவாள். இருபது நாளில் உம்மிடமிருந்து மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

அப்துல் அலீம்


நாகூர்
1909 ஜூலை 6

மச்சானுக்கு ஸலாம். காக்கா உங்களுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை.

வயது மூன்று இருக்கும். தொழில் கிடையாது. பெண்டாட்டி இல்லை. பெயர் சுக்கு, நிறம் அப்படி. குணம் தங்கம். போதுமா?

மாமிக்கு நாற்பதாம் நாள் பாத்தியா முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் புறப்பட்டுப் போனார்கள். கப்பல் இல்லை, வர முடியவில்லை என்று உங்கள் கடிதம் அன்றைக்குத்தான் வந்தது. வாசலைச் சாத்தப் போனேன், படியில் இது படுத்திருந்தது. தென்னை மட்டையால் அடித்தேன். போய்விட்டு வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் வந்தது. மச்சான், இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனீர்கள், ஏழு வருஷமாக வரவில்லை. அடித்தாலும் போகாத ஒன்று என் வாசலில் வந்து படுத்தால் நான் என்ன செய்வேன்? உங்கள் மேல் எனக்குக் கோபம். இத்தனை நாள் எழுதவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

காவலுக்கு நாய் வைக்கலாம் என்று மார்க்கம் படித்த ஆலிம்சா வீட்டில் கேட்டுக்கொண்டுதான் வைத்திருக்கிறேன். தொட்டால் கழுவிக்கொள்கிறேன். உறை மேல் கித்மீர் எழுதி அனுப்புகிறீர்களே, ஒரு காகிதத்துக்குக் காவலாக நாய் இருக்கலாம், தனியாக இருக்கிற பெண்டாட்டிக்கு இருக்கக் கூடாதா?

உங்களுக்கு நாய் என்றால் பயம். அதனால்தான் சொல்லவில்லை. சுக்கை விட்டுவிட்டு வர என்னால் முடியாது. சுக்கோடு வா என்று சொல்ல உங்களால் முடியாது. காக்கா பேசிய வண்டிக்காரரைத் தெருமுனையில் பார்த்தேன். சீக்கிரம் எழுதுங்கள்.

சம்சுன்னிசா


தந்தி
சிங்கப்பூர், 1909 ஜூலை 18
அப்துல் அலீம், நாகூர்

நாயைத் தொடாதீர். மறுக்கிறேன். கடிதம் வருகிறது.
ஜமால்


சிங்கப்பூர்
1909 ஜூலை 25

என் அன்பு சம்சுன்னிசாவுக்கு ஜமால் முகம்மது ஸலாம். தந்தி போய்ச் சேர்ந்து, சுக்கு சுகமாய் இருக்கிறது என்று நம்பி எழுதுகிறேன்.

தந்தி அடித்த அன்று கடை திறக்கவில்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உம்மா மவுத்துக்குக் கப்பல் இல்லை என்று எழுதினேனே, கப்பல் இருந்தது. இரண்டு இருந்தன. துறைவரைக்கும் போனேன். உம்மா இல்லாத வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது என்று பயந்து திரும்பிவிட்டேன். அந்த வீட்டுக்குள் நீ தனியாக இருக்கிறாய் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. உன் கோபம் சரிதான். பட்டுச் சேலை அனுப்பித் தீர்க்கிற கோபம் இல்லை இது.

சுக்கோடு வா.

வடிவேலுவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து நாயை இறக்க அனுமதிக் காகிதம் வாங்கிவிட்டேன். "வெலாயத்து நாயா?" என்று காகிதம் எழுதுகிற கிராணி கேட்டார். "நாகூர் நாய்" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். அப்துல் கஃபாரிடம் நானே சொன்னேன். வெற்றிலையை மென்று துப்பிவிட்டு, "காவல் நாய்தானே? மார்க்கத்துல எடம் இருக்கு. ஆனா முற்றத்தோட நிக்கணும், கிதாபு அலமாரிப் பக்கம் மூச்சுக் காத்துகூட வரப்படாது" என்றார். உனக்காகத்தான் சம்மதித்தார், எனக்காக இல்லை.

என் பயம் அப்படியேதான் இருக்கிறது. வடிவேலு வீட்டில் தினம் கால்மணி நேரம் பழகுகிறேன். நேற்று முக்காலியிலிருந்து இறங்கி நின்றேன்.

ஜமால் முகம்மது


சிங்கப்பூர்
1909 அக்டோபர் 28

காக்காவுக்கு சம்சுன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நான், மச்சான், சுக்கு மூவரும் சுகம். நோன்புப் பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உங்கள் முழங்காலுக்கும் மதினி பிள்ளைகள் சுகத்துக்கும் எழுதவும்.

கப்பலில் நாய்க்குச் சீட்டு இல்லை என்று சுக்கை ஆட்டோடு ஆடாகத்தான் ஏற்றினார்கள். எனக்கும் அதற்கும் ஒரே நேரத்தில் வாந்தி. தஞ்சோங் பகாரில் இறங்கினால் மச்சான் புதுக் கைலியும் காலில் சப்பாத்துமாக விறைத்துக்கொண்டு நிற்கிறார். ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறேன், எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணெல்லாம் நான் சுக்கைப் பிடித்திருந்த கயிற்று முனையில்தான். அவர் எழுதிய புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, புது நாயைக் கண்டால் ஓடாதே, அசையாமல் நின்று புறங்கையை நீட்டு என்று. நீட்டினார். சுக்கு குரைத்தது. அவ்வளவுதான், பக்கத்தில் நின்ற ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த ரிக்‌ஷாவில் ஏற்கெனவே ஒரு சீனத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் போட்ட கூச்சல் நாகூர்வரைக்கும் கேட்டிருக்குமே!

முதல் பத்து நாள் அவர் முற்றத்தில் கால் வைக்கவில்லை. பிறகு ஜன்னல் வழியாகச் சோறு வைத்தார். பிறகு முற்றத்தில் நாற்காலி போட்டு, கலங்கரை விளக்கத்துக் கதையை அதற்குப் படித்துக் காட்டினார். "அது எனக்குப் பாடமாகிப் போச்சு, வேற படிங்க" என்று உள்ளேயிருந்து சொன்னேன். "ஒனக்கில்ல, அதுக்குப் படிக்கிறேன்" என்கிறார். போன வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், சுக்கின் தலையில் கை வைத்திருக்கிறார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், கையை எடுக்கவில்லை. அப்புறம் எழுந்து போய் மண் டின்னைத் தேடினார்.

"இம்புட்டுப் பயத்தை வச்சுக்கிட்டு ஏன் மச்சான் வரச் சொன்னீங்க?" என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே, "நீ இனிமே வரவே மாட்டியோன்னு ஒரு பயம் இருந்துச்சு பாரு, அதுக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுதேன் காக்கா. அழுதுவிட்டு வந்து பார்த்தால் அவர் ஐந்தாவது தரம் கழுவிக்கொண்டிருந்தார். மீதி இரண்டுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்.

இன்னொரு சங்கதி. போன கடிதத்தில் என்னையும் அவரையும் மட்டும் சுகம் விசாரித்திருந்தீர்கள். படித்துவிட்டு மச்சான், "ஒங்க காக்காவுக்கு மரியாதையே தெரியல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆகையால் அடுத்த தடவை சுக்கையும் பெயர் சொல்லி விசாரித்து எழுதவும்.

சம்சுன்னிசா